டேர்ட்டி: ஊத்தை என்று மட்டும் விளங்கிக்கொண்டால் எங்கே தவறும்? முழுமையான வழிகாட்டி

திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில் ஒரு ஹோட்டல். வரவேற்பு மேசையில் நிற்கும் பிள்ளையிடம் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, "த டிரைவர் கேவ் மீ எ டேர்ட்டி லுக்" என்கிறார். ஓட்டோக்காரர் ஊத்தை உடுப்போடு நின்றார் என்று பிள்ளை விளங்கிக்கொண்டால் கதை கெட்டது. ஓட்டோக்காரர் தன்னை முறைத்துப் பார்த்தார் என்பதுதான் அவர் முறைப்பாடு. உடுப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

டேர்ட்டி என்ற சொல்லை இரண்டாம் மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஊத்தை, அழுக்கு, அசுத்தம் என்று மூன்று தமிழ்ச் சொல்லை எதிரே எழுதிக்கொண்டு அத்தோடு விட்டும்விடுகிறோம். அந்தச் சொல்லின் பாதி வாழ்க்கை சவுக்காரம் போட்டுக் கழுவ முடியாத இடங்களில் கிடக்கிறது: பார்வையில், பணத்தில், விளையாட்டில், பகிடியில், கடலில். பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறதோ அதுதான் பொருளைத் தீர்மானிக்கும். ஆகவே "டேர்ட்டி என்றால் என்ன?" என்று கேட்காதீர்கள். "எதில் ஊத்தை பட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போகிறது.

முதற்படி: வாயில் சரியாக வரட்டும்

சேர்ட், ஸ்கேர்ட் என்று தமிழில் எழுதுகிறோமே, அதே ஒலிதான் டேர்ட், டேர்ட்டி இரண்டிலும். எழுத்தில் ஏகாரமும் ரகர மெய்யும் போட்டாலும், இலங்கையில் நாம் பின்பற்றும் பிரித்தானிய உச்சரிப்பில் அந்த ரகரம் கேட்காது. ஏகாரமும் முழு ஏகாரம் அல்ல. பதில் தெரியாமல் யோசிக்கும் ஆங்கிலேயர் "அ…" என்று இழுப்பாரே, அந்த ஒலியை நீட்டினால் சரி. நாக்கு நடுவில் அசையாமல் கிடக்க வேண்டும், உதடு குவியக் கூடாது. டேர்ட்டை "டெட்" என்று வெட்டிச் சொன்னால் கடன் என்ற பொருளுள்ள சொல்லாகக் கேட்கும். "டேட்" என்றால் திகதி. மூன்றும் மூன்று சொல்.

அமெரிக்கரிடம் ரகரம் தெளிவாகக் கேட்கும். டேர்ட்டியின் நடுவில் உள்ள ட்டகரமோ மெலிந்து, நம்முடைய "பாடி", "ஓடி" என்பவற்றில் வரும் தனி டகரம்போல ஒலிக்கும். கப்பலில் வேலை செய்தவர்கள் "டேர்டி" என்று சொல்வது பிழையல்ல, பழகிய இடம் வேறு.

எழுதும்போது ஒரேயொரு கவனம். டேர்ட்டியின் கடைசி எழுத்தான வை, டேர்ட்டியர், டேர்ட்டியஸ்ட் என்று ஒப்பிட்டுச் சொல்லும்போது ஐ ஆக மாறும். வினையாகும்போதும் அப்படியே: டேர்ட்டீஸ், டேர்ட்டீட். ஆனால் டேர்ட்டியிங் என்று எழுதும்போது வை அப்படியே நிற்கும், ஏனென்றால் இரண்டு ஐ அடுத்தடுத்து வருவதை ஆங்கிலம் விரும்புவதில்லை. மோர் டேர்ட்டி என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி போகும்.

இரண்டாம் படி: டேர்ட் வேறு, டேர்ட்டி வேறு

டேர்ட் பெயர்ச்சொல், டேர்ட்டி பெயரடை. இவ்வளவு தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டேர்ட் எண்ண முடியாத பெயர். எ டேர்ட் என்று வராது, டேர்ட்ஸ் என்று பன்மையும் வராது. கொஞ்சம் அழுக்கு என்றால் சம் டேர்ட், ஒரு துளி என்றால் எ ஸ்பெக் ஒஃப் டேர்ட்.

அழுக்கு என்பதைத் தவிர இந்தப் பெயர்ச்சொல்லுக்கு இன்னும் மூன்று முகம் உண்டு. ஒன்று, வெறும் மண். அமெரிக்கர் பூச்சாடிக்குப் போடும் நல்ல மண்ணையும் டேர்ட் என்றுதான் சொல்வார். அதில் இழிவு எதுவும் இல்லை. பிரித்தானியர் அதே மண்ணை சொயில் அல்லது ஏர்த் என்பார். டேர்ட் ரோட் என்றால் தார் போடாத மண் வீதி. அதை ஊத்தை வீதி என்று மொழிபெயர்த்தால் அந்த ஊர்க்காரர் சண்டைக்கு வருவார். மூதூர்ப் பக்கத்து உள்வீதிகளில் செம்மண் கிறவல் கொட்டியிருந்தால் கிரவல் ரோட் என்பதே பொருத்தம்.

மற்றது, அடுத்தவரைப் பற்றிய ஊர்க்கதை. ஒருவரைப் பற்றிய டேர்ட் என்றால் அவர் மறைக்க விரும்பும் சங்கதி. தேர்தல் காலத்தில் எதிராளியின் டேர்ட்டைத் தோண்டுவதை டிக் அப் டேர்ட் என்பார்கள். தோண்டியதைப் பந்திபோட்டுப் பரிமாறினால் டிஷ் த டேர்ட். டிஷ் என்பது இங்கே பரிமாறுவது. வம்பளக்கிறது என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட இதுதான், ஆனால் டிஷ் த டேர்ட்டில் சொல்லப்படும் சங்கதி உண்மையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது முகம்தான் பழையது. டேர்ட்டின் வேர் வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியின் டிரிட் என்ற சொல். பொருள் மலம். பிறகு ஆங்கிலத்தில் ரகரமும் உயிரும் இடம் மாறி டேர்ட் ஆனது. பிரித்தானியர் இன்றும் நாய் மலத்தை டோக் டேர்ட் என்பது அந்தப் பழைய பொருளின் எச்சம். நம்முடைய மலம் என்ற சொல் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது என்பதை இங்கே கவனிக்கலாம். மலம் என்றால் முதலில் அழுக்கு. ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தைச் சைவ சமய பாடத்தில் படித்தவர்களுக்கு இது தெரியும். நிர்மலா, விமலா என்று பெண்பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் அழுக்கற்றவள் என்ற பொருளில்தான். பேச்சில் மட்டும் அந்தச் சொல் இப்போது கழிப்பறையோடு நின்றுவிட்டது. அங்கே கழிவிலிருந்து அழுக்குக்கு, இங்கே அழுக்கிலிருந்து கழிவுக்கு.

மூன்றாம் படி: டேர்ட்டி போடக் கூடாத இடங்கள்

நம் ஆட்கள் அதிகம் பிழை விடும் இடம் இது. மரபுத்தொடர் தெரியாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடம் கண்ணில் படுகிற எல்லா அசுத்தத்துக்கும் டேர்ட்டியைப் போட்டால் சொல்ல வந்தது போய்ச் சேராது.

அறையில் புத்தகம் ஒரு பக்கம், உடுப்பு ஒரு பக்கம், போர்வை நிலத்தில். நாம் "அறை ஒரே குப்பையாக் கிடக்கு" என்கிறோம். ஆங்கிலத்தில் அது டேர்ட்டி அல்ல, மெஸி அல்லது அன்டைடி. பொருள்கள் தத்தம் இடத்தில் இல்லாதது மெஸி. தூசி, கறை, சேறு படிந்திருந்தால்தான் டேர்ட்டி. ஹோட்டலில் இந்த இரண்டும் இரண்டு வேலை: முன்னதற்கு அடுக்கிவைக்க ஆள் போக வேண்டும், பின்னதற்குத் தும்புத்தடியும் தண்ணீர் வாளியும் போக வேண்டும்.

மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கலங்கியிருந்தால் மடி அல்லது கிளவுடி. பார்க்கத் தெளிவாக இருந்தும் கிருமி கலந்திருந்தால் கன்டாமினேட்டட். கடலில் எண்ணெய் மிதந்தால், வாய்க்கால் கழிவு கலந்தால் பொல்யூட்டட். மூன்றையும் டேர்ட்டி வோட்டர் என்று சொன்னால் ஆள் விளங்கிக்கொள்வார், ஆனால் குடிக்கக் கூடாது என்கிறீர்களா, குளிக்கக் கூடாது என்கிறீர்களா என்பது அவருக்குத் தெரியாது. கன்னியா வெந்நீரூற்றைப் பற்றிச் சுற்றுலாக்காரர் கேட்டால் இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

வள்ளத்தின் இரும்பில் பிடிப்பது கறள். அது ரஸ்டி. சுவரில் மாரி ஈரத்துக்குப் பூக்கும் பூஞ்சணம் மோல்டி. சட்டியின் அடியில் உள்ள கரி சூட்டி. கோப்பையில் போகாத எண்ணெய்ப் பிசுக்கு கிரீஸி. சேர்ட்டில் விழுந்த தேநீர்க் கறை ஸ்டெயின். துவைத்து மடித்த சேர்ட்டிலும் ஸ்டெயின் இருக்கலாம், ஆனால் அந்தச் சேர்ட் டேர்ட்டி அல்ல. இதைச் சலவைக்குக் கொடுக்கும்போது பிரித்துச் சொல்லாவிட்டால், கறை அப்படியே இருக்க உடுப்பு மட்டும் மணமாகத் திரும்பி வரும்.

துடக்கு என்ற நம் கருத்துக்கு டேர்ட்டியைப் போடவே கூடாது. மரண வீடு நடந்த குடும்பம் கோயிலுக்குப் போவதில்லை என்பதை ஆங்கிலத்தில் விளக்கும்போது டேர்ட்டி என்றால் அது வசவு. ரிச்சுவலி இம்பியூர் என்று சொல்லலாம். ஆனால் "எங்கள் வழக்கப்படி இத்தனை நாள் கோயிலுக்குப் போவதில்லை" என்று நேராகச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. கோணேசர் கோயில் வாசலில் வெளிநாட்டாருக்கு விளக்கம் சொல்கிறவர்களுக்கு இது முக்கியம். காலணியைக் கழற்றச் சொல்லும்போதும் "யுவர் ஷூஸ் ஆர் டேர்ட்டி" என்று ஆரம்பிக்காதீர்கள். "பிளீஸ் ரிமூவ் யுவர் ஷூஸ்" போதும். காரணம் கேட்டால் மரியாதை என்பதே காரணம்.

இனி அளவு. ஆங்கிலத்தில் அழுக்குக்கும் ஏறுவரிசை உண்டு. டஸ்டி என்றால் மேலாகத் தூசி, ஒரு தட்டுத் தட்டினால் போகும். கிரபி என்பது விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் கை முழங்கால். பிறகு டேர்ட்டி. அதற்கு மேல் கிரைமி, நாள்பட்டுத் தோலிலும் சுவரிலும் ஊறிப்போன கறுப்பு. உச்சியில் ஃபில்தி, பார்த்தாலே அருவருக்கும் நிலை. வேலைத்தலத்தில் ஃபில்தி என்ற சொல்லை வாயிலிருந்து விடுமுன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். அது தகவல் அல்ல, கோபம்.

நான்காம் படி: பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

இனி மரபுத்தொடர்கள். எல்லாவற்றையும் மனனம் செய்ய வேண்டாம். ஊத்தை பட்ட பொருள் எது என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலானவை தாமாக விளங்கும்.

பார்வையில் ஊத்தை: கிவ் சம்வன் எ டேர்ட்டி லுக். முறைத்துப் பார்ப்பது, எரிச்சலோடு பார்ப்பது. நாம் முறைப்பதை வினையாக வைத்திருப்பதால், ஆங்கிலத்திலும் லுக்கை வினையாக்கி "ஹி லுக்ட் டேர்ட்டி அட் மீ" என்று கட்டிவிடுகிறோம். அது ஆங்கிலமே அல்ல. "ஹி லுக்ட் டேர்ட்டி" என்றால் அவர் குளிக்காமல் தோய்க்காமல் இருந்ததுபோலத் தெரிந்தார் என்று பொருள். லுக் இங்கே பெயர்ச்சொல்லாகவே நிற்க வேண்டும்: கொடுத்தவர் கேவ், வாங்கியவர் கொட்.

கையில் ஊத்தை: இங்கேதான் ஆங்கிலம் இரண்டு பக்கமும் பேசுகிறது. கெட் யுவர் ஹான்ட்ஸ் டேர்ட்டி என்றால் பெரும்பாலும் நல்ல பொருள். மேசைக்குப் பின்னால் இருந்து கட்டளை போடாமல் தானும் இறங்கி வேலை செய்வது. தம்பலகாமத்தில் வயல் பார்க்க வந்த விவசாய அதிகாரி சேற்றில் இறங்கி நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் அவரைப் பற்றி இப்படிச் சொல்லலாம், அது புகழ்ச்சி. ஆனால் டேர்ட்டி யுவர் ஹான்ட்ஸ் என்று டேர்ட்டியை வினையாக்கிச் சொன்னால் சாய்வு மாறும்: தகாத காரியத்தில் கைவைப்பது, மானம் போகிற வேலையில் சேர்வது. நமக்கும் கை சுத்தமான ஆள் என்றால் குளித்த ஆள் அல்ல, களவு லஞ்சம் இல்லாத ஆள். அந்தத் தடத்தில் போனால் இரண்டாவது பொருள் பிடிபடும். முதற்பொருள்தான் நமக்குப் புதிது, அதனால் அதைத்தான் தனியாகப் பழக வேண்டும்.

வேலையில் ஊத்தை: டேர்ட்டி வேர்க் என்றால் கான் கழுவுவது, கக்கூஸ் துப்புரவாக்குவது என்ற நேர்ப்பொருளும் உண்டு. டூ சம்வன்ஸ் டேர்ட்டி வேர்க் என்று ஒருவருடைய பெயரைச் சேர்த்துச் சொன்னால், அவர் தான் செய்ய விரும்பாத கெட்ட காரியத்தை அவருக்காகச் செய்வது. ஒருவரை வேலையால் நிறுத்த வேண்டும், மேலாளர் அதைச் சொல்லக் கிளார்க்கை அனுப்புகிறார். கிளார்க் சொல்லக்கூடிய வசனம்: "டூ யுவர் ஓன் டேர்ட்டி வேர்க்". வெளியே சொல்வாரா என்பது வேறு விஷயம்.

பணத்தில் ஊத்தை: டேர்ட்டி மனி என்றால் குற்றச் செயலால் வந்த பணம், போதைப்பொருள், கடத்தல், லஞ்சம். அதை வெள்ளையாக்குவது மனி லோண்டரிங். லோண்டரிங் என்றால் தோய்ப்பது. ஊத்தைப் பணம், ஆகவே தோய்க்கிறார்கள். உவமை ஒழுங்காகத் தொடர்கிறது. கறுப்புப் பணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வரிக்கு மறைத்த பணத்தையும் சேர்த்தது, ஆகவே இரண்டும் முழுதாகப் பொருந்தாது. ஃபில்தி ரிச் என்பதை இதோடு குழப்பக் கூடாது. அது பார்த்தவன் வயிறெரியும் அளவுக்குப் பணக்காரன் என்பது மட்டும், பணம் களவு என்று பொருள் இல்லை. ஃபில்தி லூக்கர் என்று இன்னொன்று உண்டு, பணம் என்பதையே பகிடியாகச் சொல்வது. அது வில்லியம் டின்டேல் 1526 இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. ரிச்சோடும் லூக்கரோடும் டேர்ட்டி சேராது, ஃபில்திதான்.

விலையில் வருவதோ டேர்ட்டி அல்ல, டேர்ட். டேர்ட் சீப் என்றால் கொள்ளை மலிவு, மண் விலை. டேர்ட் புவர் என்றால் பரம ஏழை. டேர்ட்டி சீப் என்று எழுதுவது பெரும் பிழை. மண் எங்கும் கிடக்கிறது, யாரும் விலை கொடுப்பதில்லை என்பதுதான் உவமை, அங்கே ஊத்தைக்கு வேலையில்லை. டிரீட் சம்வன் லைக் டேர்ட் என்பதும் இந்த வழியில்தான்: ஒருவரைக் கால் தூசிக்கும் மதிக்காமல் நடத்துவது.

விளையாட்டில் ஊத்தை: பிளே டேர்ட்டி, ஃபைட் டேர்ட்டி. சின்ன வயதில் "டேய், அளாப்பாதே" என்று கத்துவோமே, அந்த அளாப்புதான் பிளே டேர்ட்டி. உதைபந்தாட்டத்தில் பந்தை விட்டுக் கணுக்காலைக் குறிவைப்பது டேர்ட்டி டாக்கிள். பிளே, ஃபைட் என்ற இரண்டு தொடரிலும் டேர்ட்டி வினையடையாக நிற்கிறது. டேர்ட்டிலி என்று வால் ஒட்டத் தேவையில்லை. டேர்ட்டி டிரிக் என்பது விளையாட்டுக்கு வெளியிலும் செல்லும், நம்பியவனைக் கவிழ்க்கும் வேலைக்கு. பிரித்தானியர் அதையே டூ த டேர்ட்டி ஒன் சம்வன் என்றும் சொல்வார்கள்.

வீட்டுச் சங்கதியில் ஊத்தை: வோஷ் யுவர் டேர்ட்டி லினன் இன் பப்ளிக். வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய வழக்கைச் சந்திக்குக் கொண்டுவருவது. அமெரிக்கர் லினனுக்குப் பதில் லோண்ட்ரி என்பார்கள், வோஷுக்குப் பதில் எயர் என்றும் சொல்வார்கள். எயர் என்றால் காற்றாட விரித்துப் போடுவது. பிரெஞ்சிலும் இதே வழக்கு உண்டு. ஹோட்டலில் வேலை செய்வோருக்கு ஒரு குறிப்பு: லினன் என்றால் அங்கே படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய். "டேர்ட்டி லினன்" என்று எழுதிய கூடையைப் பார்த்துக் குடும்பச் சண்டையை யோசிக்க வேண்டாம். இன் பப்ளிக் என்ற வால் இருந்தால்தான் அது மரபுத்தொடர்.

பேச்சில் ஊத்தை: டேர்ட்டி வேர்ட் என்றால் தூசணம். ஆனால் ஒரு கூட்டத்தாருக்குப் பிடிக்காத கருத்தையும் அப்படிச் சொல்வார்கள். "இன் தட் ஒஃபிஸ், லீவ் இஸ் எ டேர்ட்டி வேர்ட்": அந்தக் கந்தோரில் லீவு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. டேர்ட்டி ஜோக் என்றால் ஆபாசப் பகிடி. நாம் பச்சையாகப் பேசுகிறான் என்போம். ஆங்கிலேயர் அதே பகிடியை நீலம் என்பார்கள், புளூ ஜோக். நிறம்தான் வேறு.

ஐந்தாம் படி: கவனமாகத் தொட வேண்டியவை

மேலே கடைசியாக வந்த குடும்பம் பெரியது, வழுக்குவதும் அதிகம். டேர்ட்டி மைன்ட், டேர்ட்டி ஓல்ட் மான், டோக் டேர்ட்டி (ஆபாசமாகப் பேசுவது, நாய் அல்ல) எல்லாவற்றிலும் உள்ள ஊத்தை காமம் சார்ந்தது. அதிலும் டேர்ட்டி வீக்கென்ட் என்பது பிரித்தானிய வழக்கு. சோடியாக, பெரும்பாலும் மற்றவர்களுக்குத் தெரியாமல், உல்லாசத்துக்குப் போய்த் தங்கும் சனி ஞாயிறு. சேற்றில் சைக்கிள் ஓட்டும் சுற்றுலா ஒன்றை ஒழுங்குபடுத்திவிட்டு "என்ஜோய் எ டேர்ட்டி வீக்கென்ட்" என்று விளம்பரப் பலகையில் எழுதினால் வருகிறவர்கள் வேறு எதையோ எதிர்பார்த்து வருவார்கள். டேர்ட்டிக்குப் பதில், சேறு பட்ட என்ற பொருளில் மடி என்று எழுதுங்கள், பத்திரம்.

எதிர்த்திசையில், பயப்படத் தேவையில்லாத இடமும் உண்டு. சாப்பாட்டுப் பட்டியலில் டேர்ட்டி வந்தால் அது குறை அல்ல. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் ஏதோ ஒன்று மேலதிகமாகச் சேர்ந்திருக்கிறது என்பது. மசாலாத் தேநீரில் ஒரு சிறு குவளை கடும் எஸ்பிரஸோ கோப்பி ஊற்றினால் டேர்ட்டி சாய். மார்ட்டினி என்ற மதுபானத்தில் ஒலிவ் காய் ஊறிய உப்புத் தண்ணீர் விட்டால் டேர்ட்டி மார்ட்டினி. பொரித்த உருளைக்கிழங்கின் மேல் சீஸும் இறைச்சியும் கொட்டினால் டேர்ட்டி ஃபிரைஸ். உப்புவெளியில் ஒருவர் டேர்ட்டி சாய் கேட்டால் கழுவாத கோப்பையைப் பற்றி முறையிடுகிறார் என்று எண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

விருந்தினரிடம் பேசும்போது டேர்ட்டியைத் தவிர்க்கும் பழக்கம் நல்லது. "டேர்ட்டி குளோத்ஸ்" இருக்கிறதா என்று கேட்காமல் "டூ யூ ஹாவ் எனி லோண்ட்ரி?" என்று கேட்கலாம். டேர்ட்டி டவல் என்பதற்கு யூஸ்ட் டவல். அறை இன்னும் கூட்டவில்லை என்றால் "த ரூம் இஸ் டேர்ட்டி" என்று சொல்லாமல் "இட் ஹாஸ்ன்ட் பீன் கிளீன்ட் யெட்". தகவல் அதேதான், குற்றம் யார் மேலும் விழாது.

ஆறாம் படி: மண்ணைப் பிடித்து வரும் வழக்குகள்

சிலவற்றில் டேர்ட் வெறும் மண், தரை. ஹிட் த டேர்ட் என்றால் ஆபத்துக்குத் தப்பச் சட்டென்று நிலத்தில் குப்புற விழுந்து படுப்பது. சண்டைக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இதை மண் கவ்வுதல் என்று மொழிபெயர்க்கக் கூடாது. மண் கவ்வுவது தோற்பது, அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஆங்கிலம் பைட் த டஸ்ட். டேர்ட் அல்ல, டஸ்ட். அந்த ஆங்கில வழக்குக்குச் செத்துவிழுவது என்ற பொருளும், இயந்திரம் பழுதாகி ஒரேயடியாக நின்றுபோவது என்ற பொருளும் உண்டு. ஈட் டேர்ட் என்றால் அவமானத்தை வாய் பேசாமல் விழுங்குவது.

ஹிட் பே டேர்ட் என்பதைப் புல்மோட்டைக்காரர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். பே டேர்ட் என்பது அமெரிக்கத் தங்கச் சுரங்கக்காரர்களின் சொல்: தோண்டிய கூலிக்குக் கட்டும் அளவுக்கு உலோகம் உள்ள மண். புல்மோட்டையில் பார்த்தால் வெறும் கடற்கரை மணல், ஆனால் அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கன் என்ற கனிமங்கள் கிடக்கின்றன என்றால் அது பே டேர்ட். இப்போது தேடி அலைந்த எதுவும் கைக்கு அகப்பட்டால் இந்தத் தொடரைச் சொல்கிறார்கள். பழைய காணி உறுதியைத் தேடி நாள்முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கிளறி, கடைசிப் பெட்டியில் எடுத்தாலும் ஹிட் பே டேர்ட்தான்.

சேறு வந்தால் சொல் மட். பெயரைக் கெடுக்க அவதூறு சொல்வது மட்ஸ்லிங்கிங், நம்முடைய சேற்றை வாரி இறைத்தல் அப்படியே. குட்டையைக் குழப்புவது மடி த வோட்டர்ஸ். கிளியர் ஆஸ் மட் என்பது நக்கல்: ஒன்றுமே விளங்கவில்லை.

ஏழாம் படி: கந்தோரிலும் கடலிலும்

கணினிக்காரர் குவிக் அன்ட் டேர்ட்டி என்றால் அவசரத்துக்கு ஒப்பேற்றிய தீர்வு. வேலை நடக்கும், நிரந்தரம் அல்ல. எண்ணெய்க் குழாய் வெடித்த வள்ளத்து இயந்திரத்துக்கு ரப்பர்த் துண்டைச் சுற்றிக் கட்டிக் கரை சேர்வது நல்ல உதாரணம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

டேர்ட்டி டேட்டா என்றால் பிழையும் இரட்டிப்பும் நிறைந்த பட்டியல். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது இது தானாக முளைக்கிறது. ஒரே ஆள் அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, பாடசாலை இடாப்பில் மூன்றாவது. கணினிக்கு அது மூன்று ஆள். அதைத் திருத்துவது டேட்டா கிளீனிங். வர்த்தகம் படிக்கும் பிள்ளைகளுக்கு டேர்ட்டி ஃப்ளோட் வரும்: நாணய மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டதாகச் சொல்லிவிட்டு மத்திய வங்கி இடையிடையே தலையிடுவது. செய்தியில் வரும் டேர்ட்டி பொம் என்பது அணுகுண்டு அல்ல. சாதாரண வெடிமருந்தோடு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, அதைச் சுற்றுப்புறத்தில் பரப்பும் குண்டு.

டேர்ட்டி வெதர் மாலுமிகளின் பேச்சு. காற்றும் மழையுமாகக் கடல் கொந்தளிக்கும் காலநிலை. வானம் கலங்கல் நிறத்தில் இருப்பதைச் சொல்லும் அடைமொழி அல்ல அது.

கடைசியாக ஒரு சோதனை

கீழே உள்ளவற்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், பதிலைப் பிறகு பாருங்கள்.

"ஷி கொட் த சாரி டேர்ட் சீப்." "த இன்ஜினியர் இஸ்ன்ட் அஃப்ரெய்ட் டு கெட் ஹிஸ் ஹான்ட்ஸ் டேர்ட்டி." "டோன்ட் டேர்ட்டி த ஃப்ளோர்." "தே வொன், பட் தே பிளேய்ட் டேர்ட்டி." "டேர்ட்டி வெதர் டுனைட்."

சேலையைக் கொள்ளை மலிவில் வாங்கினாள். சேலை ஊத்தை அல்ல. பொறியியலாளர் இறங்கி வேலை செய்யத் தயங்காதவர். லஞ்சக்காரர் என்று எழுதியிருந்தால் நான்காம் படிக்குத் திரும்பிப் போங்கள். நிலத்தை ஊத்தையாக்காதே; இதில் டேர்ட்டி வினை. வென்றார்கள், ஆனால் அளாப்பி வென்றார்கள். கடைசி வசனத்தை மார்கழி மாதம் கொட்டியார்க்குடாப் பக்கம் ஒரு மாலுமி சொன்னால், இன்றிரவு வள்ளத்தைத் தள்ள வேண்டாம்.